நாற்பத்திரண்டு ரீசேட்

செய்தி வந்த நேரம்
கடைசி ரீசேட்டில் மை காயவில்லை.
கறுப்புத் துணி, வெள்ளை எழுத்து: கச்சான்.
எழுத்துக்குப் பக்கத்தில் உடைத்த கச்சான் கோது,
கீழே ஐந்து பெயர்,
அதற்கும் கீழே
கல்லடி, கல்முனை, பொத்துவில் என்று
இனி வராத மூன்று திகதி.

முதலில் வந்தவன் ஏறாவூர் அஸ்ஜத்.
ஹெல்மெற்றைக் கழற்றாமலே
"மெய்தானா அக்கா?" என்றான்.
நான் என்ன, அவர்களைப் பெற்றவளா.
கொடியைக் காட்டினேன்.
நாற்பத்திரண்டும் கிளிப்பில் தொங்கின.
அவன் முகக் கண்ணாடியை இறக்கிவிட்டு
உள்ளே அழுதான்.
மூச்சு வந்து கண்ணாடி வெளுத்தது.

மறுகா ஒவ்வொருவராய்.
தாதியர் கல்லூரிப் பிள்ளைகள் இருவர்;
ஒருத்தி சீருடைக்கு மேலேயே போட்டுப் பார்த்து
கழற்ற மறந்து வார்ட்டுக்குப் போனாள்.
டச்பார் ஒஸ்மண்ட், மீன்பெட்டி கட்டிய சைக்கிளோடு.
களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒரு கணக்கு வாத்தியார்,
"தம்பிக்கு" என்று சொல்லி
தன் அளவில் வாங்கினார்.

கடை வாசலிலேயே வழக்கு.
பாடகன் கொழும்பில் கலியாண வீடுகளுக்குப் பாடப் போகிறானாம்.
இல்லை, டிரம்ஸ்காரனுக்குக் கட்டார் விசா.
இல்லையில்லை, பங்கு பிரித்ததில் ஆயிரத்தைந்நூறு குறைந்ததாம்.
வழக்கம்போல ஒரு பெண்ணின் பெயரும் வந்தது;
அவளை ஒருவரும் கண்டதில்லை.

"பேரே காத்துத்தானேகா, நிலைக்குமா?"
"காத்தில்ல, கொட்டை. படத்தப் பாருங்க."
ஆனியில் மேற்கேயிருந்து வந்து
உதட்டை வெடிக்க வைக்கும் காத்தா,
பஸ் ஸ்ராண்டில் சுருளில் விற்கும் கொட்டையா?
ஆறு வருசமாய் முடியாத சண்டை.
கேட்டுத் தீர்க்க இனி ஆளில்லை என்பது
சட்டென்று விளங்கி
வாய் மூடினார்கள்.

ஒஸ்மண்ட் மட்டும் போகவில்லை.
பாடகனின் பெயரை அழித்துத் தா என்றான்.
மேலே கறுப்பு அடித்தால்
எழுத்து வீங்கி நிற்கும் தம்பி, சொன்னேன்.
அடி என்றான். அடித்தேன்.
மற்ற நான்கையும் கண்ணால் வாசிக்கலாம்,
அந்த ஒன்றை விரலால்.
தடவித் தடவிக்கொண்டே சைக்கிளை உருட்டினான்.

எனக்கும் இருந்தது.
கல்லடிக் கடற்கரையில் ஒருமுறை
ஜெனறேற்றர் நின்றுபோனது.
மைக் இல்லாமல் அவன் தொண்டை கிழிய,
கிழிந்த இடத்திலிருந்து
இருட்டில் நின்ற ஐந்நூறு பேரும்
மிச்சத்தைப் பாடினோம்.
ஒருத்தரும் ஃபோன் வெளிச்சம் பிடிக்கவில்லை.
இதை யாரிடம் சொல்ல.
பற்றுச்சீட்டு எழுதினேன்.

ஐந்தாவது பெயரைப் பற்றி
நாள் முழுக்க ஒருவரும் கேட்கவில்லை.
பேஸ் கிற்றார், தவநேசன்.
மேடையில் எப்போதும் டிரம்ஸைப் பார்த்து நிற்பவர்,
எங்களுக்கு முதுகு.

ஷட்டரைப் பாதி இழுத்தபோது குனிந்து வந்தார்,
மிச்சக் காசு கட்ட.
"அஞ்சு பேரும் சேர்ந்து சொன்ன வேலை.
ஒராளாவது வரோணும்தானே."
காசு வேணாம் அண்ணே, வித்துப்போச்சு.
நம்பவில்லை. கொடியைப் பார்த்தார்.
வெறும் கிளிப்புகள். ஓரத்தில் எக்ஸ்எல் ஒன்று.
எடுத்து மார்பில் வைத்துப் பார்த்தார்.
தொடைக்குக் கீழே வந்தது.

கேட்டுவிட்டேன்: காத்தா, கொட்டையா?

"காத்து எண்டுதான் வைச்சம்.
முதல் போஸ்டர் அடிச்ச ஆரோ
கொட்டையக் கீறிப்போட்டாங்க.
திருத்தக் காசில்ல.
மறுகா நாங்களும் அதுவாப் போனம்."

ஆறு வருசத்துக்கு முன்
காத்தான்குடியில் ஒரு கடையில்
சம்பளத்துக்கு நின்றேன்.
துண்டுக் கடதாசியில் ஒரேயொரு சொல் வந்தது.
மத்தியானம். பசி.

எக்ஸ்எல்லுக்குக் காசு வாங்கவில்லை.
"ஏன்?" என்றார்.
மை கொஞ்சம் இழுபட்டுப்போச்சு அண்ணே,
என்றேன்.